இலை உதறும், கிளை சுமக்கும்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் பட்டறைக்கு வந்தபோது உங்கள் வரைபட அறைச் சுவரைப் பார்த்தேன். மீன்கொத்தியின் அலகு, கரையான் புற்று, பல்லியின் பாதம், தாமரை இலை என்று சுவர் முழுக்கப் படம். நான் வேலை பார்த்த காலத்தில் அதே சுவரில் வெல்டிங் கம்பிக் கடையின் நாள்காட்டி மட்டும்தான் தொங்கும். இயற்கையைப் பார்த்து யோசனை எடுத்து இயந்திரம் செய்யப்போகிறோம் என்று நீங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு சொன்னபோது எனக்குக் கை பரபரத்தது. ஓய்வு பெற்றதை நினைத்து முதன்முறையாக வயிறு எரிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஒருத்தி கேட்டாள், "மேடம், நீங்க இந்த மாதிரி ஏதாவது செஞ்சிருக்கீங்களா?" என்று. வாயைத் திறப்பதற்குள் பொள்ளாச்சி பஸ் வந்துவிட்டது. அதனால் எழுதி அனுப்புகிறேன். தகட்டின் கனம், சரிவின் பாகை எல்லாம் இதில் தேடாதீர்கள், அவை வரைபடப் பெட்டியில் இருக்கின்றன. கேரள மலையில் இருக்கும் ஏலப்பாறையில் ஒரு கூரை எங்களை எப்படி முட்டாளாக்கியது, வாசலில் நின்ற ஒரு மரம் எப்படிக் கைகொடுத்தது என்பது மட்டும்தான் இதில் இருக்கிறது.

முதலில் ஒரு வெற்றியைச் சொல்ல வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மீனாட்சிபுரம் பக்கத்தில் ஒரு பால் பண்ணைக்காரர் நம் பட்டறைக்கு வந்தார். பாலை ஊற்றி வழியவிடும் சரிவுத் தகட்டில் பால் ஒட்டிக்கொண்டு புளித்து நாறுகிறது, கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துபோகிறது என்றார். நான் அப்போது சேம்பிலையைப் பற்றி ஆசை ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? மழை பிடித்தால் ஒன்றை ஒடித்துத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடாதவர் யார்? அந்த இலையின் மேல்புறம் கண்ணுக்குத் தெரியாத அளவில் மேடு மேடாக இருக்கிறது, அதன்மேல் மெழுகு. தண்ணீர் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து, இலை சற்றே சாய்ந்தாலும் உருண்டு ஓடிவிடுகிறது. அதே குணமுள்ள பூச்சு ஒன்று, உணவுப் பொருள் படும் இடத்தில் பூசத் தகுந்தது, நமக்குக் கிடைத்தது. தகட்டில் பூசினோம். பால் அப்படி வழுக்கிக்கொண்டு ஓடியது! பண்ணைக்காரர் எனக்கு ஒரு மாலை, பழனிச்சாமிக்கு ஒரு மாலை வாங்கி வந்து போட்டார்.

பழனிச்சாமியை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். தகடு வளைத்துப் பொருத்துவதில் நம் பட்டறையின் தலைமை ஆள். என் வயதுதான். நான் தாளில் போட்டதையெல்லாம் தகட்டில் கொண்டுவந்தவர், ஒவ்வொன்றையும் குறை சொல்லிக்கொண்டே கொண்டுவந்தவர். மாலை விழுந்த அன்று மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. "ஏனுங் அம்மணி, இனி எங்க தண்ணி ஒட்டுனாலும் நம்மளத்தான் கூப்புடுவாங்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தலையில் ஒரு சுற்று கனம் ஏறியிருந்தது என்பதை ஒப்புக்கொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

அந்தச் சமயத்தில் ஏலப்பாறையிலிருந்து ஒரு போன். பேசியவள் ஜெயசீலி. அங்கே சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அவள் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகிப் பையில் ஏறும் வரை தேயிலையின் தரத்துக்குப் பொறுப்பான ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள். பீர்மேட்டு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். நெடுநாள் மூடிக் கிடந்த அந்தத் தொழிற்சாலையைத் திறக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசித் தோட்டக்காரர்களைச் சம்மதிக்க வைத்ததே அவள்தான். பெரிய தொழிற்சாலையின் லாரிக்காரன் சொன்ன விலைக்குக் கொழுந்தைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், அவள் பேச்சை நம்பி இங்கே கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள்.

"அக்கா, கூரையில தண்ணி ஒட்டுதுக்கா" என்றாள். "ஒட்டி ஒட்டி அப்படியே கொழுந்து மேல விழுது. டேஸ்டர் ரெண்டு தடவை வேண்டாம்னுட்டாக. ஒட்டாம செய்யதுக்கு நீங்க என்னமோ பூசுதிகளாமே?"

ஒட்டுகிறது என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குச் சேம்பிலை கண்ணில் ஆடியது. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டேனா? கேட்கவில்லை. வந்து பூசுகிறேன் என்றேன்!

தண்ணீர் சொட்டிய அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரைத்த கொழுந்தைப் பரப்பி, பச்சை மாறிச் செம்பு நிறம் வரும் வரை விட்டுவைக்கும் அறை அது. காற்று ஈரமாக, இதமாக இருக்க வேண்டும் என்பதால் உள்ளே நீர்ப்புகை அடித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே ஏலப்பாறை மழை, குளிர். நடுவே பழைய தகரக் கூரை. இட்லிப் பானை மூடியில் நீர் கோப்பதுபோல அந்தத் தகரத்தின் அடியில் நீர் கோத்தது. துருவோடு சேர்ந்து அது கொழுந்தில் விழுந்த இடமெல்லாம் மை கொட்டியதுபோலக் கருத்தது. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். வாங்கும் நிறுவனத்துக்காகத் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்லும் டேஸ்டர், கொச்சிக்காரர், கடைசியாக வந்தபோது அந்தத் துருநீரில் ஒரு சொட்டு நேரே அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்ததாம். அன்று அவர் தேயிலையை வாயிலேயே வைக்காமல் போய்விட்டார்.

கூரைக்கு அடியில் புதுத் தகடுகளால் ஓர் உட்கூரை, கீழ்ப்பக்கத்தில் நம் சேம்பிலைப் பூச்சு, சுவரோரம் நீர் வடிய ஓடை. இதுதான் என் வடிவமைப்பு. துரு போகும், நீர் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடையில் போய் விழும். தாளில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! நம் பட்டறை முதலாளி பார்த்துத் தலையாட்டினார். பழனிச்சாமி தகடுகளைப் பட்டறையிலேயே வெட்டிப் பூச்சு போட்டு, லாரியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். குளிருக்குக் காதில் சுற்ற வழியில் ஒரு புதுத் தோர்த்து, மலையாளத்துப் பருத்தித் துண்டு, வேறு வாங்கிக்கொண்டார். இந்தத் தோர்த்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்து, கொழுந்தைப் பரப்பி, நீர்ப்புகையைத் திறந்தோம். ஜெயசீலி, நான், பழனிச்சாமி மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். தகட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்தது. சேம்பிலையில் பார்க்கும் அதே முத்து! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கணம் முதல் முத்து நேரே கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். அறைக்குள்ளே இடவப்பாதிப் பருவமழையே பிடித்துக்கொண்டது. பழைய துருத் தகரத்தில் பெரிய சொட்டாகத் திரண்டு எப்போதாவது விழுந்த நீர், இப்போது சின்னச் சின்னச் சொட்டாக ஓயாமல் விழுந்தது. ஒட்டாமல் செய்யச் சொன்னார்கள், ஒட்டாமல் செய்துவிட்டோம். ஒட்டாத நீர் வேறு எங்கே போகும்? கொழுந்து நனைந்து, ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் பழுப்புமாகி, புளித்த வாடை அடித்தது.

"கெரகத்த..." என்றார் பழனிச்சாமி. "நாம பூசாம வந்திருந்தா கொஞ்சமாச்சும் ஒட்டியிருக்குமுங்."

நான் சிரிக்கவில்லை. ஜெயசீலியின் முகத்தைப் பார்த்தேன். அவள் நனைந்த கொழுந்தை ஒரு கை அள்ளி மோந்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

இங்கே அந்தத் தொழிற்சாலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்தை வாங்கிக்கொள்ள அவர்கள் தயார் என்றால், பொத்தானை அழுத்திக் கூரைமேல் இருக்கும் ஆலைச் சங்கை ஊதுவார்கள். சரிவுகளில் பறித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். பறித்த கொழுந்து காத்திருக்காது, மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்து வீணாகிவிடும். நாங்கள் அறைக்குள் மழை பெய்ய வைத்த செய்தி அன்றைக்கே மலை முழுக்கப் பரவியது. தோட்டக்காரர்களின் கமிட்டி கூடியது. டேஸ்டர் கடைசியாக ஒரு தடவை வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வரும் நாளில் மதியத்துக்குள் சங்கு ஊதினால் கொழுந்து இங்கே. ஊதாவிட்டால் சாலை முக்கில் நிற்கும் பெரிய தொழிற்சாலையின் லாரிக்கு, இனி எப்போதும் அதற்குத்தான். கமிட்டியின் முடிவு அவ்வளவுதான். கொழுந்து அந்த லாரிக்குப் போய்விட்டால் ஜெயசீலியின் தொழிற்சாலை மறுபடி பூட்டுத்தான். அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் அவளை நம்பி லயத்திலிருந்து இறங்கி வந்தவர்கள்.

முதலாளி போனில் கத்தினார். "தகட்ட இறக்கிப் போட்டுட்டு வண்டியேறுங்க. ஒரு பெரிய உலர்த்தி மெசின் வாங்கி வெச்சுக்கட்டும்னு சொல்லுங்க." ஈரமாக இருக்க வேண்டிய அறையில் உலர்த்தியை வைத்தால் கொழுந்து என்ன ஆகும்? அவர் கோபத்தில் சொன்னார். நான் அவரிடம், நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நெருக்கடியில் மேலே இருப்பவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் பயத்தில் வருவது. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நிமிஷமே தகட்டைக் கழற்ற ஓடாதீர்கள்.

வெளியே வந்தேன். தொழிற்சாலை வாசலில் ஒரு சில்வர் ஓக் மரம். தேயிலைக்கு நிழலுக்காக மலை முழுக்க வைத்திருப்பார்களே, அதில் ஒன்று. மழை கொட்டியது. குடை உள்ளே இருந்தது, திரும்பப் போய் ஜெயசீலி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மரத்தடியில் ஒண்டிக்கொண்டேன். நன்றாக நனைந்தேன். கோபம் வேறு. இலைகளைப் பார்த்து, உங்களை நம்பித்தானே இந்த வேலையில் இறங்கினேன் என்று திட்டிக்கொண்டிருந்தேன். இலைகள் தண்ணீரை உதறிக்கொண்டே இருந்தன. அப்போதுதான் உறைத்தது. இலைக்குத் தண்ணீர் வேண்டாம், அதனால் உதறுகிறது. சேம்பிலையும் அதைத்தான் செய்கிறது. கீழே என்ன இருந்தால் அதற்கென்ன? என் தகட்டுக்குக் கீழே இருந்ததோ ஜெயசீலியின் கொழுந்து!

சரி, தண்ணீரைக் கீழே விழவிடாமல் கொண்டுபோகிறவர் யார் இங்கே என்று அண்ணாந்து தேடினேன். தலைக்கு மேலேயே இருந்தது. கிளை! மேல்நோக்கிச் சாய்ந்து வளர்ந்த கிளையின் அடிப்புறம் முழுக்க ஈரம் ஒரு பட்டையாக மினுங்கியது. தண்ணீர் கிளையின் அடியைப் பிடித்துக்கொண்டே, கீழே ஒரு சொட்டும் விழாமல், நடுமரம் வரை ஓடி, மரத்தோடு இறங்கி வேருக்குப் போய்க்கொண்டிருந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடுகிறது தண்ணீர்! என் உட்கூரையில் எனக்கு வேண்டியது அச்சாக அதுதான். மரத்துக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அதனால் அதன் பட்டை தண்ணீரைத் தள்ளவில்லை, நன்றாக நனைந்து, பரப்பி, சுமந்துகொண்டு போகிறது.

"பழனிச்சாமீ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார்.

"என்னங் அம்மணி, எங்கீங்?"

"மேல பாருங்க, கிளைக்கு அடியில பாருங்க!"

பார்த்தார். மழை கண்ணில் விழ, விரலால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "அட! ஓடுதுங்களே" என்றார். பிறகு வழக்கம்போல ஒரு குறை கண்டுபிடித்தார். "அங்க சொட்டுதுங், பாருங்." நிழல் குறைக்கக் கிளை வெட்டிய இடத்தில் முண்டாக ஒரு கணு நின்றது. ஓடி வந்த தண்ணீர் அந்த முண்டில் தடுக்கி, அங்கிருந்து மட்டும் சொட்டியது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். அடிப்புறம் வழவழப்பாக ஓட வேண்டும், முண்டு இருக்கக்கூடாது.

உள்ளே ஓடி ஜெயசீலியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. நம்பாததில் தப்பில்லை. "ஒட்டாம இருக்க ஒண்ணு பூசினிய, கொழுந்து போச்சு. இப்ப ஒட்டணுங்கிய" என்றாள். நான் அவளைத் தொழிற்சாலையின் சமையலறைக்குக் கூட்டிப்போய் இட்லிப் பானையின் மூடியைத் தூக்கிக் காட்டினேன். நேராகத் தூக்கினால் நீர் இட்லி மேல் சொட்டுகிறது. சரித்துத் தூக்கினால் மூடியின் உள்பக்கமாகவே வழிந்து ஓரத்தில் வடிகிறது. அவள் தினமும் சரித்துத்தான் தூக்குகிறாள், நானும் அப்படித்தான். இரண்டு பேரும் அதைக் கூரைக்குக் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். "அட கர்த்தரே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

நல்லவேளை, பூச்சு ஒரு பக்கம்தான். தகடுகளை இறக்கிப் புரட்டினோம். பூசாத பக்கத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தோம். தொழிற்சாலையில் இருந்த ஆண் பெண் எல்லாரும் உட்கார்ந்து தேய்த்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போய், நீர் பட்டால் முத்தாக நிற்காமல் ஒரே பரப்பாகப் படியும் வரை விடவில்லை. பிறகு மரக்கிளையைப் போல நன்றாகச் சரித்து மாட்டினோம். ஒரே ஒரு சங்கடம் மிச்சம். அந்தச் சரிவுக்குத் தகட்டின் நீளம் போதாமல் இரண்டு தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அறையின் குறுக்கே ஒரு வரிசை ரிவெட் தலைகள். முண்டு கூடாது என்று மரம் சொல்லியிருந்தும், ஒரு வரிசைதானே என்று விட்டுவிட்டோம்.

டேஸ்டர் வரும் நாள் காலை. ஜெயசீலி தன் வீட்டுத் தோட்டத்துக் கொழுந்தை மட்டும் கொண்டுவந்து அரைத்துப் பரப்பியிருந்தாள். நீர்ப்புகையைத் திறந்தோம். தகட்டின் அடியில் ஈரம் படிந்தது, மினுங்கியது, நகர ஆரம்பித்தது. ஓடியது! ஓடையில் போய் விழும் சத்தம் கேட்டது. நான் பழனிச்சாமியின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை, நடுக்கூரையைக் கையால் காட்டினார். ரிவெட் வரிசை அப்படியே வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அலுவலக அறையிலிருந்து ஆள் ஓடி வந்தான், டேஸ்டரின் வண்டி பக்கத்து ஊரான குட்டிக்கானத்தைத் தாண்டிவிட்டதாம். வாசலில் தோட்டக்காரர்கள் கூடிவிட்டார்கள். மேலே சரிவுகளில் கொழுந்து பறித்து மூட்டையாகக் காத்திருக்கிறது. முக்கில் அந்த லாரி நிற்கிறது.

"ரிவெட்ட அறுத்துப் போட்டுட்டு வெல்டு வெச்சரலாமுங்" என்றார் பழனிச்சாமி. அதற்கு நேரமில்லை, தீப்பொறி கொழுந்தில் விழும். "அடியில நீளமா ஒரு தட்டு கட்டித் தொங்கவிடுவோம்க்கா, சொட்டுதது தட்டுல விழட்டும்" என்றாள் ஜெயசீலி. தட்டின் அடியிலும் நீர் கோக்கும், அதுவும் சொட்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம்.

நான் வெளியே ஓடினேன். பயந்து ஓடுகிறாள் என்று வாசலில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். மரத்தடிக்குத்தான் ஓடினேன். மரத்தைப் பாதிதான் கேட்டிருந்தோம், மீதியையும் கேட்போம் என்று. ஒவ்வொரு கிளையாகப் பார்த்தேன். வெட்டுக்கணுக்கள் நிறைய. சில சொட்டின. சில சொட்டவே இல்லை! முண்டு அதே அளவு, ஆனால் சொட்டவில்லை. ஏன்? உற்றுப் பார்த்தேன். சொட்டாத கணுவின்மேல் பாசி படர்ந்திருந்தது. மேலேயிருந்து வந்த தண்ணீர் பாசிக்குள் நுழைந்து, முண்டைச் சுற்றி அந்த ஈர நாரின் வழியாகவே அடுத்த பக்கம் ஏறிக்கொண்டது. பாசி அதற்கு ஒரு பாலம்!

திரும்ப ஓடும்போது என் செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. உள்ளே நுழைந்ததும் பழனிச்சாமியின் காதைச் சுற்றியிருந்த தோர்த்தை உருவினேன்.

"ஐயோ, என்ற தோர்த்துங்! புதுசுங்!"

"நல்ல பருத்தியா?"

"பொறவு? தண்ணி பட்டா அப்பிடியே குடிக்கும்னுதான் கடைக்காரன் சொன்னானுங்."

"அதுதான் வேணும்!"

ஜெயசீலிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசினாள். நீள நீளமாகக் கிழித்தோம். ஒவ்வொரு ரிவெட்டின்மேலும் ஒரு பட்டை, மேல் விளிம்பிலிருந்து கீழே ஓடை வரை தகட்டோடு ஒட்டும்படி இழுத்துக் கட்டினோம். பழனிச்சாமி ஏணியில் நின்று தன் தோர்த்தைத் தானே கட்டினார், ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு முனகலோடு. துணி நனைந்தது. ஒரு ரிவெட் சொட்டுவதை நிறுத்தியது. பக்கத்து ரிவெட்டும் நிறுத்தியது. நாங்கள் கீழே நின்று ஒன்று ஒன்றாகப் பார்த்தோம்.

டேஸ்டர் உள்ளே வருவதற்குள் உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் சுவரில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வரி எழுதி வையுங்கள்: இந்த உயிருக்கு என்ன வேண்டும்? இலைக்கு நீர் வேண்டாம், கிளைக்கு நீர் வேண்டும். இரண்டும் ஒரே மரம், ஒரே மழை. நான் இலையிடம் விடை வாங்கிக்கொண்டு போய்க் கிளையின் கேள்விக்குக் கொடுத்துவிட்டேன். பால் தகட்டுக்குப் பூச்சு சரி. இன்றைக்கும் அந்தப் பண்ணையில் பால் வழுக்கிக்கொண்டுதான் ஓடுகிறது. அப்புறம், ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடி வந்துவிடாதீர்கள். முதல் தடவை கிளை தெரிந்தது, இரண்டாம் தடவைதான் பாசி தெரிந்தது. சிக்கிக்கொண்டால் கணினி முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடிக்காமல் திரும்ப மரத்தடிக்குப் போங்கள். செருப்பு போனால் பட்டறைக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாக முதலாளியிடம் சொல்லுங்கள்.

டேஸ்டர் வந்தார். இந்த முறை தலையில் தொப்பி. அதைப் பார்த்ததும் ஜெயசீலியின் முகம் சுருங்கியது. அவர் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே அந்த அறைக்குள் போனார், அண்ணாந்து பார்த்தார். தகட்டின் அடியில் வரிசையாகக் கட்டியிருந்த துணிப் பட்டைகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இது எந்தா?"

சமாளித்துப் பேசலாமா என்று நான் யோசிப்பதற்குள் ஜெயசீலி முந்திக்கொண்டாள். "தோர்த்து சார். ரிவெட்ல சொட்டுது, அதை ஓடைக்குக் கொண்டுபோகக் கட்டியிருக்கோம். இது இன்னைக்கு மட்டும்தான். அடுத்து ரிவெட் இல்லாத ஒரே தகடு போட்டுருவோம். இப்ப சொட்டாது, நீங்களே பாருங்க."

அவர் வலது கையை உள்ளங்கை மேலே இருக்கும்படி நீட்டினார். அப்படியே நீட்டிக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து நடக்க ஆரம்பித்தார். மெதுவாக நடந்தார். ரிவெட் வரிசைக்கு நேர் கீழே வந்ததும் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வெளியே மழை தகரத்தில் படபடவென்று அடித்தது, உள்ளே ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம். ஜெயசீலி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது இன்னும் நினைவிருக்கிறது. பழனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அவர் மறு கோடி வரை போனார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நீட்டிய உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். துடைத்த பிறகுதான் அதில் துடைக்க ஒன்றுமில்லை என்று கண்டதுபோலக் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கொழுந்தை ஒரு கை அள்ளி மோந்தார்.

"கொள்ளாம்" என்றார். நன்று என்று அர்த்தம். "தூளாக்கி அனுப்பு. நான் எடுத்துக்கறேன்."

ஜெயசீலி என் கையை விட்டுவிட்டு ஓடினாள். நன்றிகூடச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூரைக்கு மேலே சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் ஊத வேண்டியதே இல்லை, அவள் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். மேலே மஞ்சு மூடிய சரிவிலிருந்து முதலில் ஒரு ஜீப் ஆரன் அடித்துப் பதில் சொன்னது, பிறகு இன்னொன்று, பிறகு மலையே ஆரன் அடித்தது. பழனிச்சாமி வெறும் காதோடு மழையில் போய் நின்று, ஜீப்புகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கில் நின்ற லாரி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று.